பேட்டைகள் மறைவது காலத்தின் கோலமா?

ஒரு தெரு பாழடைந்தால் "காலத்தின் கோலம்" என்கிறோம். கடைவீதி இருந்த இடத்தில் வானளாவிய மாளிகை எழுந்தால் அதற்கும் "காலத்தின் கோலம்" என்கிறோம். நம்மவர் நூறாண்டு கூடி வாழ்ந்த பேட்டையில் இன்று நம்மவர் குடி ஒன்றேனும் இல்லையென்று கண்டாலும், அதே சொல்லைச் சொல்லிப் பெருமூச்செறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மழைக்கும் நோய்க்கும் காரணம் ஆராயும் இக்காலத்தில், ஒரு பேட்டை தோன்றுவதற்கும் தேய்வதற்கும் மட்டும் விதியின்மேல் பாரத்தைப் போடுவது அறிவுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மனிதன் மூப்படைந்து இறப்பதுபோல ஊரும் மூப்படைந்து இறக்கும் என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்கு அழகாயிருக்கிறதே தவிர, அது உண்மையன்று. 2,000 வருஷமாகியும் இளமை மாறாத நகரங்கள் உலகில் உண்டு. 30 வருஷத்தில் அழிந்த நகரங்களும் உண்டு. ஒரு பேட்டையை உண்டாக்குவது தொழில். அதனை நிலைநிறுத்துவது மண்ணில் உரிமை. தொழில் போய் உரிமையும் இல்லாத இடத்தில், கோயிலும் பள்ளிவாசலும் தெருப்பெயரும் மட்டும் மிஞ்சும். இதனை விளக்கச் சிங்கப்பூர் நகரத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் நமக்குக் கிடையாது. அங்கே தமிழர் பேட்டைகள் பல தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன; ஒன்று நிற்கிறது. மறைந்தவை ஏன் மறைந்தன, நிற்பது எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்போமாக. நகரத்துக் கதை நமக்கெதற்கு என்று தோட்டத்துத் தோழர்கள் நினைக்க வேண்டாம். அது அவர்கள் கதையே என்பது முடிவில் விளங்கும்.

கோபுரம் இருக்கிறது, குடி எங்கே?

1819-ம் வருஷத்தில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கும்பினியின் கொடியை நாட்டினார். அவ்வாண்டிலேயே பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை. அவர் செங்கற்சூளை வைத்து, வீடு கட்டும் ஒப்பந்தக்காரராகி, தமிழர்க்குத் தலைவராகவும் விளங்கினார். 1822-ம் வருஷத்தில் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், இன்ன இனத்தார் இன்ன இடத்தில் குடியிருக்க வேண்டுமென்று கோடு கிழிக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் "சூலியா கம்பம்" என்று தென்னிந்தியருக்கு ஓரிடம் குறிக்கப்பட்டது. ஆனால் குடிகள் வரைபடத்துக்குக் கட்டுப்படவில்லை. படகுத்துறையிலும் கடைவீதியிலும் பிழைப்பு இருந்ததால் அதனையொட்டியே நம்மவர் குடியேறினர். பேட்டையை உண்டாக்குவது அதிகாரியின் கோடன்று, தொழிலே என்பதற்கு இதுவே முதற்சான்று.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-ல் சூலியா முஸ்லிம்கள் ஜாமிஆ பள்ளிவாசலை எழுப்பினர். மறு வருஷம், 1827-ல், அதற்கு அண்மையில் மாரியம்மன் கோயில் அத்தாப்புக் கூரையின்கீழ் எழுந்தது. தெலுக் ஆயர் கடற்கரையில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா கட்டப்பட்டது. இம்மூன்றும் இன்றும் நிற்கின்றன. ஆயின் அவற்றைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு இன்று "சைனா டவுன்" என்று பெயர். அங்குள்ள தெருக்களின் பெயரைப் பாருங்கள்: பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட். பகோடா என்று வெள்ளையர் அழைத்தது புத்த ஆலயத்தையன்று. மாரியம்மன் கோயில் கோபுரத்தை. சீனர் தெருவுக்குப் பெயர் கொடுத்தது தமிழர் கோபுரம்! கோபுரமும் பெயரும் நிற்க, அவற்றை எழுப்பிய குடிகள் மட்டும் இல்லை.

இது சீனரின் குற்றமன்று. நம்மவர் பலர் வணிகத்துக்கு வந்து, பொருள் சேர்த்து, முதுமையில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு இருந்தனர். ஊர் திரும்புகிறவன் இருக்கும் வீட்டை வாங்கமாட்டான், வாடகைக்கு இருப்பான். அவன் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு தெய்வத்துக்குப் போயிற்று, மீதி கப்பலேறிற்று. தெய்வத்துக்குக் கொடுத்த நிலம் மட்டுமே தர்மச் சொத்தாகப் பத்திரத்தில் ஏறி நிலைத்தது. கோயில் நின்றதற்குக் காரணம் அம்மனின் சக்தியன்று, நிலப்பத்திரத்தின் சக்தி என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

கிட்டங்கித் தெரு

அடுத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டைப் பார்ப்போம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய தெரு அது. நீண்ட கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இரு மருங்கும் வரிசையாகத் தாழ்ந்த மேசைகள், இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு மார்க்கா. மேல்தளத்தில் உறக்கம், சமையலும் கூட்டுச் சமையல். இதற்குக் கிட்டங்கி என்று பெயர். 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் இவர்களே. பாங்குகள் எளிய மனிதனை உள்ளே விடாத காலத்தில், கடைக்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் கடன் கொடுத்தது இத்தெருதான். வட்டியின் கொடுமையைப் பற்றிச் சொல்ல வேண்டியவை உண்டு. அது வேறு கட்டுரை.

இப்பேட்டையின் பலவீனம் யாது? அதில் குடும்பம் இல்லை. முதலாளி ஊரிலிருக்க, ஏஜெண்டு சில வருஷத் தவணைக்கு வருவார். தவணை முடிந்தால் மற்றொருவர் வருவார். மனைவி மக்கள் செட்டிநாட்டில். தொட்டில் ஆடாத தெருவில் பள்ளிக்கூடம் எழாது. பள்ளிக்கூடம் எழாத தெருவில் அடுத்த தலைமுறை கிடையாது. 1930-களில் லேவாதேவிச் சட்டம் வந்தது. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. யுத்தத்துக்குப்பின் குடிநுழைவுக் கட்டுப்பாடும், பாங்குகளின் போட்டியும் வந்தன. புது ஏஜெண்டு வருவது குறைந்ததும் மேசைகள் ஒவ்வொன்றாய் ஒழிந்தன. 1970-களில் அவ்வட்டாரம் பெரும் பாங்குகளின் இடமாகத் திட்டமிடப்பட்டபோது, கிட்டங்கிகள் இடிபட்டன. 1984-ல் அத்தெருவில் மோட்டார் நிறுத்தும் பல அடுக்குக் கட்டடம் திறக்கப்பட்டது. 2017-ல் அதுவும் மூடப்பட்டு, 2021-ல் அதே இடத்தில் 51 மாடிக் கோபுரம் முடிந்தது. கிட்டங்கியை இடித்ததற்கு வருந்துவோர் இதையும் கவனிக்க வேண்டும்: அதன்பின் வந்த கட்டடம் 40 வருஷங்கூட நிற்கவில்லை. மண்ணின் விலை ஏறும் இடத்தில் அதன் சொந்தக்காரர் அல்லாத எவரும் நிலைக்க முடியாது.

துறைமுகத்துத் தமிழர்

இனி உழைப்பாளர் பேட்டைக்கு வருவோம். 1864-ல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தொடங்கிற்று. 1905-ல் சர்க்கார் அதனை எடுத்துக்கொண்டது; 1913-ல் சிங்கப்பூர் துறைமுக போர்டு ஏற்பட்டது. கப்பலில் மூட்டை ஏற்றவும் இறக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். சீனரோடு தமிழரும் அவ்வேலையைச் செய்தனர். துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நம்மவர் நெருங்கிக் குடியிருந்தனர். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களும் அங்கே வேரூன்றின.

செட்டித் தெருவைப் போலன்றி, இங்கே குடும்பங்கள் இருந்தன. ஆதலால் பள்ளிக்கூடமும் எழுந்தது. 1946-ல், யுத்தத்தின் புண் ஆறாத நாளில், கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் வாயிலாக உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. செல்வச் சீமான்கள் செய்யாததை உழைப்பாளரும் சிறு வணிகரும் செய்து காட்டினர் என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

ஆனால் பேட்டையின் அடித்தளம் துறைமுக வேலை ஒன்றே. 1972-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி, கொள்கலம் எனப்படும் இரும்புப் பெட்டிகளைச் சுமந்து "நிஹான்" என்னும் கப்பல் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. அதுவரை மூட்டை மூட்டையாய் முதுகில் ஏறியிறங்கிய சரக்கு, பாரந்தூக்கியின் கொக்கியில் பெட்டி பெட்டியாய் இறங்கத் தொடங்கிற்று. கும்பல் கும்பலாய் ஆட்கள் நாட்கணக்கில் செய்த வேலை சில ஆட்களால் சில மணி நேரத்தில் முடிந்தது. அன்று கப்பலை வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தெருவின் ஆயுள் முடிகிறதென்று தோன்றியிருக்கும்? யந்திரத்தை நாம் பழிக்கவில்லை. முதுகொடியும் வேலையை யந்திரம் ஏற்பது நன்மையே. ஆனால் வேலையை நம்பியே வீடும், வீட்டை நம்பியே பள்ளியும் இருந்தால், ஒன்று சாயும்போது மூன்றும் சாயும். அப்படியே ஆயிற்று. குடும்பங்கள் புது அடுக்கு வீடுகளுக்குக் கலைந்தன. பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடினர். 1982-ல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழை ஊடகமாகக் கொண்ட கடைசிப் பள்ளி அதுவே. பின்னர் உமறுப்புலவர் பெயர் தமிழ் மொழி நிலையம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டு வாழ்கிறது, பேட்டையோ வாழவில்லை.

நல்ல சட்டம் செய்த கேடு

இவ்விடத்தில், பழைய தெருக்கள் இடிபடுவதற்கு முன்பே உள்ளுக்குள் நைந்துபோனது ஏன் என்பதையும் ஆராய வேண்டும். யுத்தம் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிருந்தது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி ஏழைகளைத் தெருவில் நிறுத்தாதபடி, 1947-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை 1939-ம் வருஷத்து அளவில் நிறுத்தப்பட்டது. நல்ல நோக்கம், அந்நேரத்தில் அவசியமான சட்டம். அது இல்லாவிட்டால் பல்லாயிரம் குடும்பங்கள் அன்றே வெளியேறியிருக்கும்.

ஆனால் விலைவாசி நிற்கவில்லை. ஓட்டின் விலை ஏறிற்று, பலகையின் விலை ஏறிற்று, கொத்தனார் கூலி ஏறிற்று. வாடகை மட்டும் 1939-லேயே நின்றது. ஒரு வருஷத்து வாடகை ஒரு மழைக்காலத்துக் கூரை ஒழுக்கை அடைக்கப் போதவில்லை. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். வீடு விழுந்தால் மண்ணாவது தமக்கு மிஞ்சும் என்று காத்திருந்தார். வீட்டை எடுத்த முதல் குடியாளோ, ஒரு மாடியைப் பலகைத் தட்டிகளால் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் உள்வாடகை வாங்கினார். குடிமாறும்போது கைமாறும் இரகசியத் தொகைக்கு "டீ மணி" என்று பெயரும் வந்தது. வெளிச்சமில்லாத அறை, பல குடும்பத்துக்கு ஒரு குழாய், வாளிக் கக்கூசு, காசநோய்: இவையே பழைய பேட்டையின் உள்வாழ்க்கை. வாளிக் கக்கூசு முறை சிங்கப்பூரில் முற்றும் ஒழிந்தது 1987-ல் தான் என்றால், அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சட்டம் குடியாளை வீட்டுக்காரரிடமிருந்து காத்தது. ஒழுகும் கூரையிலிருந்து காக்கவில்லை. 1969-ல் ஒரு சட்டம் பிறந்து, மார்க்கெட் ஸ்ட்ரீட் அடங்கிய நகர மையத்தில் மறு வருஷம் முதல் வாடகைக் கட்டு தளர்ந்தது. 2001-ல் நாடு முழுதும் அச்சட்டம் ஒழிந்தது. கட்டு அவிழ்ந்ததும் பேட்டை பிழைத்ததா? இல்லை. மலிந்த வாடகையை நம்பியிருந்த சிறு கடையும் குடும்பமும் வெளியேற, உயர்ந்த வாடகை தரவல்லோர் உள்ளே வந்தனர். கட்டியபோது வீடு நைந்தது. அவிழ்த்தபோது குடி போயிற்று. இரண்டு நிலையிலும் நம்மவர் கையில் இல்லாதது ஒன்றே: பத்திரம்.

கொடி இறங்கியபோது

வேலையும் வீடும் ஒரே எஜமானன் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்குச் செம்பவாங் கப்பற்படைத் தளம் சான்று. 1938-ல் பிரிட்டிஷார் திறந்த அத்தளம் ஒரு தனி ஊர். தமிழரும் மலையாளிகளும் பலர் அங்கே வேலை செய்து, தளத்தார் கட்டிய குவார்ட்டர்ஸுகளில் குடியிருந்தனர். ஒழுங்கான தெருக்கள், விளையாட்டுத் திடல், கோயில், கடைகள், திருவிழா என ஒன்றுக்கும் குறைவில்லை.

1968 ஜனவரியில், தங்கள் படைகளை 1971-க்குள் திரும்பப் பெறுவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் லண்டனில் அறிவித்தது. சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. கப்பற்பட்டறை சிங்கப்பூர் சர்க்கார் கைக்கு மாறிப் பழுதுபார்க்கும் தொழிலாகப் பிழைத்தது. பலருக்கு வேலையும் தந்தது. ஆனால் வேலை இழந்தவருள் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். பிற்காலத்தில் குவார்ட்டர்ஸுகள் ஒழிந்தன. செம்பவாங்கில் இருந்த புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் 1990-களில் ஈசூனுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. மாரியம்மனுக்கிருந்த நிலப்பத்திரத்தின் பாதுகாப்பு முருகனுக்கு இல்லை. பத்திரமில்லாத இடத்தில் தெய்வமும் குடியாளே!

அடுக்கு வீடும் அளவுக் கணக்கும்

1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதற்கு முன்னிருந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் 1927 முதல் 32 வருஷத்தில் கட்டியவை ஏறக்குறைய 23,000 வீடுகள். புதுக் கழகம் முதல் ஐந்தே வருஷத்தில் 50,000-க்கு மேல் கட்டிற்று. 1964-ல் வீட்டை விலைக்கு வாங்கும் திட்டமும், 1968-ல் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டே வாங்கும் வழியும் வந்தன. பலகைத் தட்டிக்குள் படுத்திருந்த துறைமுகத் தொழிலாளி, தனிக் குழாயும் தனிக் கக்கூசும் உள்ள வீட்டுக்கு உரிமையாளனானான். அவ்வுரிமை 99 வருஷக் குத்தகையே எனினும், அவன் பாட்டன் கனவிலும் கண்டறியாதது. பேட்டை மறைந்ததற்கு வருந்தும்போது இந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

எனினும் ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தோம். 1989 மார்ச்சு முதல், ஒரே இனத்தார் ஓரிடத்தில் திரளாதபடி அளவு விதிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் இந்தியரும் பிறரும் சேர்ந்து 10 விழுக்காடு, ஒரு கட்டடத்தில் 13 விழுக்காடு என்பது அன்றைய அளவு. 2010-ல் அது 12-ம் 15-ம் ஆக உயர்ந்தது. இனக்கலவரத்தைக் கண்ட தேசம், பல இனத்தாரும் கலந்து வாழ வேண்டுமென்று செய்த ஏற்பாடு இது. பிற இனத்தார்க்கும் தத்தம் அளவு உண்டு. ஆதலால் இதனைத் தமிழருக்கு எதிரான செயல் என்று சொல்லலாகாது. ஆனால் சிறுபான்மையோருக்கு விளைவு வேறு. நூற்றில் பத்துப் பேராகப் பரவியவர்கள் ஒரு தெருவின் மொழியைத் தமிழாக வைத்திருக்க முடியாது. வீடு கிடைத்தது; தெரு கிடைக்கவில்லை. இனித் தமிழ் தெருவில் தானாக வளராது. வீட்டிலும் சங்கத்திலும் முயன்று வளர்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நிற்கும் பேட்டை

நிற்க, இத்தனை பேட்டைகள் மறைய, சிராங்கூன் ரோடு மட்டும் எவ்வாறு நிலைத்தது? அது ஒரு தொழிலை மட்டும் நம்பவில்லை என்பது முதற்காரணம். தொடக்கத்தில் அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள். வீரமாகாளியம்மன் கோயிலைச் "சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்" என்றே முன்னோர் அழைத்தனர். பின் செங்கற்சூளைகள். அதன்பின் மாட்டு வியாபாரம். சதுப்பு நிலத்தில் புல்லும் தண்ணீரும் கிடைத்தமையால் தொழுவங்கள் பெருகின. "கண்டாங் கெர்பாவ்" என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். பபலோ ரோடு என்ற பெயரும் அதனையே சொல்லும். சதுப்பு தூர்ந்து மாடுகள் போனபோது, மளிகையும் மாவு மில்லும் பொற்கொல்லர் பட்டறையும் புடவைக் கடையும் பூக்கடையும் அவ்விடத்தைப் பிடித்தன. ஒன்று போனால் மற்றொன்று என்று தொழில்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி வந்தன.

இரண்டாவது காரணம், தேக்கா மார்க்கெட்டு. 1915-ல் எழுந்த அச்சந்தை, 1982-ல் எதிர்ப்புறத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறியும் கூட்டம் குறையவில்லை. பேட்டையில் குடியிருப்பவன் மட்டுமன்றி, தீவின் நாலாபுறத்திலிருந்தும், ஜொகூரிலிருந்தும் வருகிறவன் அதற்கு வாடிக்கைக்காரன். ஆகவே குடியிருந்தோர் அடுக்கு வீடுகளுக்குப் போனபின்பும் கடை பிழைத்தது. மூன்றாவதாக, 1989-ல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமென்று அறிவிக்கப்பட்டது. கட்டடங்களை இடிப்பது நின்றது.

ஆனால் நிற்பது பேட்டையா, சந்தையா? தீபாவளிக்கு விளக்கலங்காரம் ஜொலிக்கிறது, சுற்றுப்பிரயாணிகள் வருகிறார்கள். கடையடைத்தபின் மாடிகளில் குழந்தையின் குரல் கேட்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே நிறைவோர் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, கட்டடம் கட்டியும் கப்பல் பழுதுபார்த்தும் உழைக்கும் இளைஞர்கள். அவர்கள் உறங்குவது தூரத்துத் தங்கும் விடுதியில். அவ்விடம் அவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு உள்ளவரைதான். குடும்பத்தை அழைத்துவர இயலாது. 1864-ல் தொடங்கிய முறை இன்னும் முடியவில்லை. ஆள் புதியவன்; ஏற்பாடு பழையது.

செக்ரோல் சொல்லும் பாடம்

இப்போது தோட்டத்துத் தோழர்களுக்கு வருவோம். நான் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் என்னும் பதிவேடு என் கையில் தினமும் புரளுகிறது. அதில் பெயர் இருந்தால் லயத்தில் வீடு உண்டு. பெயர் அடிக்கப்பட்டால் வீடும் அடிக்கப்படுகிறது. 40 வருஷம் மரம் வெட்டியவனுக்கும் அவன் பிறந்த வீட்டின்மேல் ஓர் அங்குல உரிமை இல்லை. தோட்டம் விலையானபோது, ரப்பர் எண்ணெய்ப்பனையானபோது, பனை வீட்டுமனையானபோது, லயங்கள் கலைந்த வேகத்தை நாம் கண்ணாரக் கண்டோம். நம்மில் பலர் நகரத்தை நாடி ஓடி, அங்கும் பிறர் நிலத்தில் குடிசை கட்டி, அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டனர். இன்று பல லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கின்றனர். அவர்களுக்கும் அதே பதிவேடு, அதே விதி. ரெயில்வே குவார்ட்டர்ஸும், துறைமுக லைனும், கப்பற்படைத் தளமும் செங்கல்லாற் கட்டிய லயங்களே அன்றி வேறென்ன?

இவ்விதியை மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டியவர் உண்டு. 1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்டு நம்மவர் நடுத்தெருவில் நின்றபோது, வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளரிடம் சிறுசிறு பங்குத்தொகை திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று அச்சங்கம். கூலி வாங்கியவன் பங்குக்காரனானான். எல்லாக் குறையும் அதனால் தீர்ந்ததென்று சொல்லவில்லை. ஆனால் கூலிக்காரர் சேர்ந்தால் பத்திரத்தில் பெயரேற முடியும் என்பது அதனால் நிரூபணமாயிற்று.

நாம் செய்யத்தக்கவை எளியவை. ஆனால் ஒத்திப்போடத் தக்கவையல்ல. வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கு வழிதேட வேண்டும். ஓய்வுபெற்றபின் லயத்தின் வாசலில் நின்று மனுக் கொடுப்பதால் பயனில்லை. வீட்டுமனை பற்றிப் பேச்சு நடக்குமிடத்தில் வாய்வார்த்தையை நம்பாமல், எழுத்திலும் பத்திரத்திலும் பெற வேண்டும். திருவிழாவுக்கு வசூலிப்பதில் பாதியளவு ஊக்கத்தோடு வீட்டுக் கூட்டுறவுக்கு வசூலித்தால், ஒரு தலைமுறையில் நிலை மாறும். மறைந்துபோன பேட்டைகளையும் லயங்களையும் பற்றிய பழைய படங்கள், பள்ளிப் பதிவேடுகள், கடைக் கணக்குகள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றை ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் திரட்டி வைக்க வேண்டும். வெள்ளையர் வரைந்த நகரப் படத்தில் நமக்கொரு கம்பம் குறிக்கப்பட்டிருந்தது. அதில் வாழ்ந்தவர் யார் என்பதை நாம் எழுதி வைக்காததால், தெருப்பெயரைக் கொண்டு நம் சரித்திரத்தை ஊகிக்க வேண்டியதாயிற்று.

பேட்டைகள் தோன்றும், மாறும், மறையும். அதனை எவரும் முற்றும் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் மாறும்போது கையில் மூட்டையோடு வெளியேறுகிறவன் யார், கையில் பத்திரத்தோடு பேரம் பேசுகிறவன் யார் என்பது விதியின் செயலன்று. அது முன்னதாகச் செய்த, அல்லது செய்யத் தவறிய, முயற்சியின் பயன். இதனை உணர்ந்து, அடுத்த லயம் கலையுமுன், அடுத்த தெரு இடிபடுமுன், நம்மவர் ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரில் ஒரு வீட்டைத் தேடிக்கொள்ள முனைய வேண்டும்.